முதல் காம்ப் இரவுக்கு முன்: பிள்ளையிடம் தெரியும் அறிகுறிகளும் செய்ய வேண்டியவையும்

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை முடிந்த கையோடு கொழும்பு வீடுகளுக்குக் காம்ப் கடிதம் வரத் தொடங்கும். சாரணர், வழிகாட்டிகள், அறநெறிப் பாடசாலை என்று யாராவது இரண்டு இரவுக்குப் பிள்ளையைக் கேட்பார்கள். அதுவரை வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ மாடி வீட்டிலிருந்து இறங்கி, வான் வண்டியில் ஏறி, பாடசாலைக்கும் டியூஷனுக்கும் போய் வந்த பிள்ளை அது. இப்படிப்பட்ட பிள்ளைகளைக் கூட்டிப்போகும் பொறுப்பில் இருப்பதால் வருடா வருடம் அதே சில கோளாறுகளைப் பார்க்கிறேன். ஒவ்வொரு அம்மாவும் அது தன் பிள்ளைக்கு மட்டும்தான் என்று நினைத்து, குரலைத் தாழ்த்தித்தான் சொல்லுவார். அநேகமாக எல்லாமே பழக்கம் இல்லாததால் வருவது. பழக்கத்தை வீட்டிலேயே உண்டாக்கலாம், ஒரு ஆறு வாரம் கையில் இருந்தால் போதும்.

உங்கள் பிள்ளைக்குப் பொருந்தும் தலைப்புக்குப் போங்கள். ஒவ்வொன்றிலும் லேசான காரணம் முதலில் இருக்கிறது, வைத்தியரிடம் போக வேண்டியது கடைசியில். இடையில் எங்கே சரிவருகிறதோ அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

"நான் போகமாட்டேன்" என்கிறான், காரணம் சொல்கிறான் இல்லை

முகத்துக்கு நேரே இருத்தி வைத்துக் கேட்டால் பதில் வராது. பின்னேரம் மரின் டிரைவ் பக்கம் நடக்கக் கூட்டிப்போங்கள். பக்கத்தில் நடந்துகொண்டு கேட்டால் பிள்ளைகள் கதைப்பார்கள்.

அங்கே என்ன நடக்கும் என்று தெரியாததுதான் முதல் காரணம். எங்கே படுப்பேன், பக்கத்தில் யார், கக்கூசு எவ்வளவு தூரம், லைட் இருக்குமா, சுகமில்லை என்றால் யாரிடம் சொல்ல வேண்டும்: இந்த ஐந்து கேள்விக்கும் பொறுப்பாசிரியரிடம் பதில் கேட்டு, பிள்ளைக்கு அப்படியே சொல்லுங்கள். பாதிப் பேர் இதோடு சரியாகிவிடுவார்கள்.

சரிவராவிட்டால், தெரிந்த முகம் ஒன்றாவது குழுவில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே ஒரு நண்பனோடு ஒரே கூடாரத்தில் போடும்படி கேட்கலாம். நாங்கள் மறுப்பதில்லை.

மூன்றாவது காரணம் மொழி. பல பாடசாலைகள் சேரும் காம்ப்பில் கட்டளை, விளையாட்டு, பாட்டு எல்லாம் சிங்களத்தில் நடக்கும். தமிழ் மொழிமூலம் படிக்கிற பிள்ளை இதை வெளியே சொல்ல வெட்கப்படும். நான்கு வசனம் பாடமாக இருந்தால் பயம் இறங்கும்: "மட்ட சனீப்ப நே" (எனக்குச் சுகமில்லை), "வெசிகிலி யன்ன ஓன" (கக்கூசுக்குப் போக வேண்டும்), "மட்ட பயய்" (எனக்குப் பயமாயிருக்கு), "மட்ட தேருனே நே" (எனக்கு விளங்கவில்லை). கீழ்வீட்டு ஆன்ட்டியோடு, கடைக்காரரோடு அவன் வாயால் சொல்லிப் பழகட்டும்.

அடுத்தது, யாராவது கதை சொல்லியிருப்பார்கள். பெரிய வகுப்பு அண்ணாமார் பேயையும் அட்டையையும் சொல்லி வெருட்டியிருப்பார்கள். "அண்ணா என்ன சொன்னவர்?" என்று கேளுங்கள். அட்டை உண்மைதான். மழைக்காலத்தில் கித்துல்கல பக்கம் போனால் கட்டாயம் கடிக்கும். உப்பையோ சவர்க்காரத்தையோ போட்டால் விழுந்துவிடும், கொஞ்சம் இரத்தம் வரும், நின்றுவிடும் என்று உள்ளதைச் சொன்னால் போதும்.

கடைசிக் காரணத்தைத் தவற விடக்கூடாது. "காம்ப் ஓகே, ஆனா அவர் வந்தா நான் போகமாட்டேன்" என்று ஒரு குறிப்பிட்ட ஆளைப் பற்றிப் பிள்ளை சொன்னால், அந்த ஆள் யாராக இருந்தாலும் பயிற்சியை அங்கேயே நிறுத்துங்கள். குறுக்குக் கேள்வி வேண்டாம். சொல்கிறதை முழுவதும் கேளுங்கள், நம்புங்கள், அந்த ஆளிடம் நீங்களே போய்க் கேட்காதீர்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு எந்த நேரத்திலும் எடுக்கலாம். பிள்ளை அந்தக் காம்ப்புக்குப் போகத் தேவையில்லை.

அம்மா பக்கத்தில் படுக்காவிட்டால் நித்திரை வராது

அதிகம் கேட்கப்படுவது இதுதான். பத்து வயதிலும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு தூங்குகிற பிள்ளைகள் கொழும்பில் நிறைய. இரண்டு அறை வீட்டில் எல்லோரும் ஒரே ஏசி அறையில் படுக்கும்போது அது இயல்பாகவே அப்படி ஆகிவிடும். வெட்கப்பட ஒன்றும் இல்லை.

அம்மாவை விலக்குவதற்கு முன் சாமான்களைச் சோதியுங்கள். நிறையப் பேர் யோசிக்காத ஒன்று மின்விசிறி. பிறந்த நாளிலிருந்து அந்த இரைச்சலில் தூங்கிய பிள்ளைக்கு அது இல்லாத அமைதியே நித்திரையைக் கெடுக்கும். தவளைச் சத்தமும் பக்கத்துப் பிள்ளையின் குறட்டையும் அப்போதுதான் காதில் விழும். இரவு விளக்கு, பழகிய தலையணை, மெத்தை இதெல்லாமும் அப்படித்தான். ஒரு வெள்ளி இரவு ஹோலில் பாயை விரித்து, நுளம்பு வலை கட்டி, விசிறியையும் லைட்டையும் நிறுத்தி அவனைப் படுக்க விடுங்கள். வியர்க்கும், முனகுவான். இரண்டு மூன்று வாரம் வெள்ளிக்கிழமைகளில் செய்தால் பழகிவிடும். பழைய தலையணை உறை ஒன்றைக் காம்ப்புக்குக் கொண்டுபோகலாம். கழுவாமல் கொடுங்கள், வீட்டு மணம் அதில்தான் இருக்கிறது.

சாமான் எல்லாம் சரி, அம்மா இல்லாததுதான் பிரச்சினை என்றால் படிப்படியாகப் போக வேண்டும். முதல் வாரம் அதே அறையில் தனிப் பாய். அடுத்த வாரம் அடுத்த அறை, கதவு திறந்தபடி. பிறகு தெஹிவளையில் அம்மம்மா வீடோ வத்தளையில் சித்தி வீடோ, அங்கே ஒரு இரவு, அம்மா இல்லாமல். அந்த இரவு நீங்கள் போன் எடுக்கக்கூடாது. எடுத்தால் சோதனை கெட்டுவிடும், ஏனென்றால் காம்ப்பில் பிள்ளையின் கையில் போன் இருக்காது. கடைசியாக, தொடர்ந்து இரண்டு இரவு. இரண்டாவது இரவு ஏன் என்றால், முதல் நாளின் புதுமை போய்க் களைப்பும் ஏக்கமும் சேர்ந்து வருவது அப்போதுதான். அந்த இரண்டையும் தாண்டிய பிள்ளை காம்ப்பில் அழலாம், ஆனால் தாங்கிக்கொள்ளும்.

ஒரு படியில் நின்றுவிட்டால் ஒரு படி கீழே இறங்கித் திரும்பத் தொடங்குங்கள். கோபம் வேண்டாம். "தம்பியைப் பார், அவன் தனியாகப் படுக்கிறான்" என்ற பேச்சும் வேண்டாம், அந்த ஒரு வசனம் இரண்டு வார வேலையை அழித்துவிடும்.

வைத்தியரிடம் போக வேண்டியது எப்போது? ஆறு வாரம் முயன்றும் அடுத்த அறை வரைகூட வரவில்லை, பாடசாலைக்குப் போகவே தினமும் போராட்டம், அம்மா கடைக்குப் போனாலும் செத்துவிடுவாவோ என்று பயப்படுகிறாள் என்றால், காம்ப்பைத் தள்ளிவையுங்கள். குடும்ப வைத்தியரிடம் சொல்லி, பொரளையில் உள்ள சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையின் சிறுவர் மனநலப் பிரிவுக்குக் கடிதம் கேட்கலாம். நித்திரையில் எழுந்து நடக்கிற பிள்ளை என்றாலும் முதலில் வைத்தியரிடம் கேளுங்கள், எங்களிடமும் மறைக்காதீர்கள். ஆற்றங்கரையில் கூடாரம் அடிக்கும்போது அது எங்களுக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.

"பிடிக்காட்டி உடனே வந்து கூட்டிக்கொண்டு போவீங்கள்தானே?"

இதற்கு "ஓம்" சொல்லாதீர்கள்.

என் அனுபவத்தில் காம்ப்பைப் பாதியில் முடிக்கிற பிள்ளைகளில் பெரும்பாலோர் இந்த வாக்குறுதியோடு வந்தவர்கள். வாக்குக் கொடுத்த நிமிடமே பிள்ளைக்கு இரண்டு விஷயம் விளங்குகிறது: அம்மாவுக்கே என்மேல் நம்பிக்கை இல்லை, கஷ்டம் வந்தால் வழி போன்தான். பிறகு முதல் அழுகையிலேயே அந்த வழியைத்தான் தேடும். 2007இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் வீட்டு ஏக்கம் பற்றி வெளியிட்ட வழிகாட்டலும் இப்படி ஒப்பந்தம் போட வேண்டாம் என்றே சொல்கிறது.

அதற்காக "வரவே மாட்டோம்" என்றும் சொல்ல வேண்டாம். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "முதல் ராத்திரி கொஞ்சம் கஷ்டமாத்தான் இருக்கும். எல்லாருக்கும் இருக்கும். அப்ப நீ என்ன செய்வாய்? இப்பவே யோசிப்பம். உனக்குச் சுகமில்லை, யாராவது உன்னை நோகடிச்சா மிஸ்ஸிட்ட சொல்லு, அவ எங்களுக்குச் சொல்லுவா, நாங்க வருவம்." பிறகு அவன் வாயாலேயே மூன்று வழி எடுங்கள். தண்ணீர் குடிப்பது, பக்கத்து நண்பனை எழுப்பிக் கதைப்பது, டோர்ச் அடித்துக் கதைப்புத்தகம் பார்ப்பது, எதுவும் சரி. அவன் தெரிவு செய்ததாக இருக்க வேண்டும்.

பைக்குள் கடிதம் ஒன்று வைக்கலாம். "நீ இல்லாமல் வீடே வெறிச்சோடிப் போச்சு" என்று எழுதினால் பிள்ளை அழுதே தீரும். "மீனுக்கு நான் சாப்பாடு போடுறன், ஞாயிறு மத்தியானம் உனக்குப் பிடிச்ச கோழிக்கறி" என்று எழுதுங்கள்.

படுக்கை நனைகிறது

ஏழு வயதிலும் பத்துப் பிள்ளைகளில் ஏறத்தாழ ஒருவருக்கு இது உண்டு. குடும்பத்தில் அப்பாவுக்கோ மாமாவுக்கோ சின்னதில் இருந்திருக்கும். பிள்ளையின் தவறு துளியும் இல்லை.

இரவில் குடிப்பதை முதலில் பாருங்கள். ஏழு மணிக்குப் பிறகு தேநீர், மைலோ, சோடா வேண்டாம். பகலில் தண்ணீரைக் குறைக்கக்கூடாது. படுக்கும் முன் இரண்டு தரம், கொஞ்ச நேரம் விட்டுப் போகட்டும். அடுத்தது இருட்டு: சில பிள்ளைகள் முழித்துக்கொண்டே, வெளியே போகப் பயத்தில் அடக்கிக்கொண்டு படுப்பார்கள். தலைமாட்டில் சொந்த டோர்ச் இருந்தால் அது தீரும். அதற்கடுத்தது மலச்சிக்கல். குடல் நிறைந்தால் சலப்பையை அமுக்கும். இலைக்கறி, பப்பாசி, தண்ணீர் என்று மூன்று வாரம் கவனியுங்கள்.

எதுவும் சரிவராவிட்டாலும் காம்ப் போகலாம். பொறுப்பாசிரியரிடம் மட்டும் தனியாகச் சொல்லுங்கள். பதினொரு மணிக்கு ரவுண்ட் போகும்போது சத்தமில்லாமல் எழுப்பி விடுவோம், வாசல் பக்கம் படுக்கை போடுவோம். கறுப்பு நிறக் காற்சட்டை மூன்று, மெல்லிய இறப்பர் விரிப்பு, நனைந்ததைப் போட்டுக் கட்டப் பை. இவற்றை எங்கே வைத்திருக்கிறோம் என்று பிள்ளைக்குக் கைபழக வேண்டும்.

டெஸ்மோபிரசின் என்ற மாத்திரை காம்ப் போன்ற நாட்களுக்கு உதவும், ஆனால் வைத்தியர் எழுதித்தான் எடுக்க வேண்டும். எடுத்த இரவு தண்ணீர் குடிப்பதில் கண்டிப்பான கட்டுப்பாடு உண்டு, அதனால் சில வாரம் முன்னரே வீட்டில் எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் நனைக்காமல் இருந்த பிள்ளை திடீரென்று தொடங்கினால், அதோடு அதிக தாகம், மெலிவு, சலம் போகும்போது எரிவு இருந்தால், காம்ப்பை மறந்துவிட்டு அன்றே வைத்தியரிடம் போங்கள். நீரிழிவோ சிறுநீர்த் தொற்றோ இருக்கலாம்.

வெளிக் கக்கூசுக்குப் போகமாட்டாள்

கொமட் மட்டுமே தெரிந்த பிள்ளைக்குக் குந்தியிருக்கத் தெரியாது. வாளியில் தண்ணீர் அள்ளி ஊற்றவும் தெரியாது. இரண்டு நாள் அடக்கி வைத்து, வயிற்றுவலியோடு வீடு திரும்பும் பெண் பிள்ளைகள் ஏராளம். கோயிலில், சொந்தக்காரர் வீட்டில், நீண்ட பயணத்தில் எங்கே அப்படிக் கிடைத்தாலும் பழக்குங்கள். வயது வரப்போகும் மகள் என்றால் நாப்கின் எப்படி மாற்றுவது என்று காட்டி, இரண்டைப் பையில் வைத்து அனுப்புங்கள். முதல்தரம் காம்ப்பில்தான் வரவேண்டும் என்று இல்லை, வந்துவிட்டால் பிள்ளை தவிக்கக்கூடாது.

தீத்திவிட்டால்தான் சாப்பிடுவான்

டிவிக்கு முன்னால் வாயைத் திறந்து இருக்கும் தரம் 5 பிள்ளைகளை எனக்குத் தெரியும், பரீட்சைக் காலத்தில் நேரம் மிச்சம் என்று தொடங்கியிருக்கும். இன்றைக்கே நிறுத்துங்கள். பசித்தால் பிள்ளை தன் கையால் சாப்பிடும். காம்ப்பில் கிடைப்பது பாண், பருப்பு, கடலை, தேங்காய்ச் சம்பல், சோறு, இரண்டு கறி. அதே சாப்பாட்டை வீட்டில் தட்டில் போட்டு, இருபத்தைந்து நிமிடத்தில் முடித்துத் தட்டைக் கழுவிப் பழகட்டும்.

சைவச் சாப்பாட்டு வீடுகள் ஒன்றைக் கட்டாயம் கேட்க வேண்டும்: சம்பலிலும் பருப்புத் தாளிப்பிலும் மாசிக் கருவாடு போடுவார்களா? "மரக்கறிதான்" என்று சொல்கிற சமையல்காரருக்கு மாசி ஒரு வாசனைச் சாமான் மட்டுமே. பிள்ளை அங்கே வந்து தெரிந்துகொண்டால் வெறும் பாணோடு இருந்துவிடும். முன்கூட்டியே சொன்னால் தனியாக எடுத்து வைப்போம்.

பையில் எதையும் தேடி எடுக்கத் தெரியாது

அம்மா எல்லாவற்றையும் அழகாக மடித்து, ஒவ்வொன்றையும் பொலித்தீன் பையில் போட்டு இறுக்கி முடிச்சுப் போட்டிருப்பார். இரவு ஏழு மணி, மழை, டோர்ச் வெளிச்சம். ஆற்றில் குளித்து நனைந்த சாரத்தோடு நிற்கிற பிள்ளை ஒவ்வொரு முடிச்சாகப் பல்லால் கடித்து இழுக்கும். உள்ளே துவாய் இருக்கும் என்று திறந்தால் பிஸ்கட் இருக்கும். கடைசியில் பையைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு அழத் தொடங்கும். வீட்டு ஏக்கம் என்று நாங்கள் நினைக்கிற அழுகையில் பாதி இதுதான்.

பையைப் பிள்ளையே அடுக்க வேண்டும், நீங்கள் பட்டியலை வாசித்தால் போதும். பிறகு வீட்டு லைட்டை நிறுத்தி, "துவாய் எடு, பிரஷ் எடு, மாற்று உடுப்பு எடு" என்று சொல்லிப் பாருங்கள். இருட்டில் எடுக்க முடிந்தால் பை சரி. புதுச் சாமான் வாங்கப் புறக்கோட்டைக்கு ஓடத் தேவையில்லை, பழகிய பழைய சாமானே நல்லது. நுவரெலியா என்றால் மட்டும் கம்பளி உடுப்பு கட்டாயம்: அது 1,800 மீற்றருக்கும் மேலே, தை மாசி இரவுகளில் வெப்பநிலை 10 பாகைக்குக் கீழே இறங்கும். கொழும்புப் பிள்ளையின் உடம்பு அந்தக் குளிரைக் கண்டதில்லை. காலுறை இரண்டு சோடி, தலைக்குத் தொப்பி, கழுத்துக்கு மப்ளர்.

இழுப்பு, ஒவ்வாமை, தினசரி மருந்து

இதில் வீட்டுச் சோதனை இல்லை. காம்ப்புக்கு இரண்டு வாரம் முன் வைத்தியரைப் பார்த்து, என்ன மருந்து, எப்போது, எந்த அளவு என்று எழுதி வாங்குங்கள். நீல இன்ஹேலரும் ஸ்பேசரும் பிள்ளையின் கைக்கெட்டும் பையில் இருக்க வேண்டும், பெரிய பையின் அடியில் இல்லை. கடந்த சில நாளாக அதை அடிக்கடி பாவிக்கிறான் என்றால் மலைநாட்டுக் குளிருக்கு அனுப்பாதீர்கள். ஒரு வசனத்தை முழுதாகச் சொல்ல மூச்சுப் போதாது, விலா எலும்புக்கிடையில் தோல் உள்ளே இழுபடுகிறது என்றால், இன்ஹேலரைக் கொடுத்துக்கொண்டே 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைப்போம். அதற்கு உங்கள் சம்மதம் முன்னரே கையெழுத்தில் இருக்க வேண்டும்.

வெளிக்கிடும் காலை வயிற்றுவலி

தேர்மாமீற்றர் வையுங்கள். காய்ச்சல், வயிற்றோட்டம், திரும்பத் திரும்ப வாந்தி, வலி வலப்பக்கம் கீழே இறங்கிக் கூடுதல், இதில் ஒன்று இருந்தாலும் அனுப்ப வேண்டாம். ஒன்றும் இல்லை, கதைத்துக்கொண்டு இருக்கும்போது வலி மறைகிறது என்றால் அது பதற்றம். சின்னத் துண்டு பாண், வெறும் தேநீர், பிறகு வழக்கமான வேகத்தில் வெளிக்கிடுங்கள். பஸ்ஸடியில் கட்டிப்பிடித்து ஒருமுறை விடை கொடுத்துவிட்டுப் போய்விடுங்கள். ஜன்னலடியில் அரை மணி நேரம் நிற்கிற அம்மாவைப் பார்த்துத்தான் பிள்ளைக்கு அழுகை வரும். கினிகத்தேனை வளைவுகளில் வாந்தி எடுக்கிற பிள்ளையென்றால் முன் சீற்றில் இருத்தச் சொல்லுங்கள், கையில் பை ஒன்று கொடுங்கள்.

இரவு பத்து மணிக்குப் போன்

முதலில் பொறுப்பாசிரியரோடு கதையுங்கள், பிள்ளையோடு பிறகு. மூன்று கேள்வி: காய்ச்சலோ காயமோ உண்டா? இன்றைக்குச் சாப்பிட்டுத் தண்ணீர் குடித்தாளா? யாராவது அடித்தார்களா, தொட்டார்களா, கேலி செய்தார்களா? மூன்றுக்கும் பதில் நல்லதாக இருந்தால் இது ஏக்கம். விளையாட்டு முடிந்து, லைட் நிறுத்தி, சும்மா படுக்கும் நேரத்தில்தான் அது பெருகும்.

பிள்ளையோடு இரண்டு நிமிடம் போதும். "அழுறியா?" என்று கேட்காதீர்கள். "கஷ்டமா இருக்கு, விளங்குது. நீயும் நானும் யோசிச்ச மூண்டில எதைச் செய்யப் போறாய்? காலையில என்ன விளையாட்டு?" உங்கள் குரல் நடுங்கினால் போனை அப்பாவிடம் கொடுங்கள். "காலையில் திரும்பப் பார்ப்போம்" என்று ஆசிரியரோடு முடிவெடுங்கள். விடிந்ததும் பெரும்பாலான பிள்ளைகள் விளையாட்டில் சேர்ந்துவிடுவார்கள்.

ஆசிரியரிடம் கேட்ட மூன்று கேள்வியில் ஒன்றுக்காவது நல்ல பதில் இல்லையென்றால், அல்லது ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் குடிக்காமல் இருந்தால், அல்லது தன்னை நோகடிக்கப் போவதாகச் சொன்னால், தயங்காமல் போய்க் கூட்டிவாருங்கள். வழியில் திட்டு வேண்டாம். அடுத்த வருடம் திரும்பப் போகிற பிள்ளைகள் பலர் இப்படி ஒருமுறை வந்தவர்கள்தான்.

வந்து சில நாளில் காய்ச்சல்

"களைப்பு" என்று விடாதீர்கள். டெங்கு இல்லை என்று உறுதியாகும் வரை நிறைக்கேற்ற அளவு பரசிற்றமோல் மட்டும். இபுபுரூபனும் அஸ்பிரினும் கொடுக்கவே வேண்டாம். மூன்றாம் நாளும் காய்ச்சல் என்றால் இரத்தப் பரிசோதனை செய்து வைத்தியரிடம் காட்டுங்கள். காய்ச்சல் இறங்கும் நேரம்தான் டெங்குவில் ஆபத்தான நேரம். விடாத வயிற்றுவலி, வாந்தி, கை கால் குளிர்தல், சலம் குறைதல், மந்தமாகக் கிடத்தல் தெரிந்தால் நேரே ஆஸ்பத்திரி. ஆற்றிலோ வயலிலோ இறங்கியிருந்தால் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள், அவர் கேட்காவிட்டாலும். எலிக்காய்ச்சல் தண்ணீர் பட்டு ஒரு மாதம் வரை கழித்தும் வரலாம். கெண்டைக்கால் நோவும் சிவந்த கண்ணும் அதன் அடையாளங்கள்.